மரம் உருண்ட மேடு

கள்ளக்குறிச்சியில், காட்டு நடைக்குப் புதிதாக எடுத்த வழிகாட்டிகளுக்கு ஒரு வகுப்பு வைத்திருந்தார்கள். வனத்துறையில் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு வாய் வறண்டுவிடும். ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து, கல்வராயன் மலையில் கூப்புத் தட நடை எப்படி ஆரம்பித்தது, உங்களுக்கு அதில் மறக்க முடியாதது எது என்று கேட்டாள். சாம்பார் வாளி வந்ததில் பேச்சு அறுந்துபோயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வனக்காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓடச் சொன்னார்கள், ஓடினேன், வேலை கிடைத்தது. பயிற்சிப் பள்ளியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், இலையைக் கசக்கி முகர்ந்து மரத்தின் பெயர் சொல்லவும், விடிந்ததும் பூட்ஸ் காலோடு அணிவகுக்கவும் பழக்கினார்கள். மிச்சத்தையெல்லாம் வெள்ளிமலைக்குப் போன பிறகு கற்றேன்.

அப்போது மலையில் கூப்பு நடந்துகொண்டிருந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக மரம் வெட்ட ஏலம் விடுவார்கள். அந்தப் பகுதிக்குத்தான் கூப்பு என்று பெயர். ஏலம் எடுக்கிற கான்ட்ராக்டர் வெளியூர்க்காரராக இருப்பார். வெட்டுவது, இழுப்பது, லாரியில் ஏற்றுவது எல்லாம் மலை ஊர்க்காரர்கள். எந்த மரத்தை வெட்டலாம் என்று முத்திரை போடுவது எங்கள் வேலை.

முத்திரை போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மரத்தைச் சுற்றி வர வேண்டும். பொந்து இருக்கிறதா, கூடு இருக்கிறதா, எந்தப் பக்கம் சாயும், சாய்ந்தால் எந்தக் கன்றுகளை நசுக்கும் என்று பார்க்க வேண்டும். பிறகு மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பருமன் அளக்க வேண்டும். கைக்கோடாலியால் பட்டையை இரண்டு இடத்தில் சீவ வேண்டும்: ஒன்று மார்பு உயரத்தில், இன்னொன்று தரையை ஒட்டி, வேர் கிளம்பும் இடத்தில். இரண்டிலும் முத்திரைச் சுத்தியலால் ஒரே அடி. தயங்கி அடித்தால் எழுத்து இரட்டையாக விழும். மேலே விழுந்த முத்திரை மரத்தோடு, வெட்டிய மரங்களை அடுக்கிவைக்கும் டிப்போவுக்குப் போய்விடும். கீழே விழுந்தது அடிக்கட்டையோடு காட்டிலேயே நிற்கும். பின்னால் யார் தணிக்கைக்கு வந்தாலும் அந்தக் கட்டையைப் பார்த்துத்தான் முறையாக வெட்டியதா, திருட்டா என்று சொல்வார்கள். வேங்கையில் அடித்தால் சீவின இடத்தில் சிவப்பாகப் பால் வடியும். ஆரம்பத்தில் எனக்கு அது ஒரு மாதிரியாக இருக்கும்.

வெட்டிய மரத்தைச் சங்கிலி கட்டி மாடுகள் இழுத்துவரும். அப்படி இழுத்து இழுத்துத் தேய்ந்த பாதைதான் கூப்புத் தடம். அது லாரி ரோட்டில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு இருக்கிறது. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற ரோடுதான். ஆனாலும் அந்த ஓர் இடத்தில் வளைந்து மேலே ஏறிப் பிறகுதான் இறங்கும். பாரம் ஏற்றிய லாரிக்கு அந்த ஏற்றம் கஷ்டம். அங்கே வண்டி திணறினால் கிளீனர் பின்னாலேயே நடந்துபோய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான்.

மாடு ஓட்டுகிறவர்களில் சடையன் என்று ஒருவர் இருந்தார். ஏறக்குறைய என் வயது. மரம் ஏற்றும் வேலைக்கும் வருவார். எனக்கு அவரோடு நெருக்கம் என்று சொல்ல முடியாது. பார்த்தால் சிரிப்போம், டீ குடிப்போம். அவருக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்த மேட்டில் அவர் இறந்துபோனார். நான் அன்று கீழே சோதனைச் சாவடியில் இருந்தேன். செய்தி வந்து நான் மேலே போனபோது உடலை ஊருக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். லாரி அடிபடாமல் ரோட்டில் நின்றது. எல்லாச் சக்கரங்களுக்கும் கல் அடைத்திருந்தார்கள். பின்னால் இருந்த மரங்கள் சங்கிலி அறுந்து ரோட்டிலும் பள்ளத்திலும் கிடந்தன. டிரைவரைக் காணவில்லை. கூட வந்த இரண்டு சுமை ஆட்கள், மழைக்காக முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், வண்டி குலுங்கி நின்றதாகவும், சத்தம் கேட்டு இடப்பக்கக் கதவைத் திறந்து குதித்ததாகவும் சொன்னார்கள். சடையன் பின்னால் எப்படி வந்தார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கான்ட்ராக்டரின் மேஸ்திரிதான் பதில் சொன்னார்: சடையன் குடித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் ரோட்டில் விழுந்து கிடந்தார், மரம் உருண்டு அவர்மேல் விழுந்தது. போலீஸ் விசாரணையும் அதோடு முடிந்தது. சடையன் எப்போதாவது குடிக்கிறவர் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்துக்கு மரம் உருண்ட மேடு என்று பெயர் வந்துவிட்டது.

பிறகு பல வருஷம். எனக்கு வேறு வேறு சரகங்களுக்கு மாற்றலானது. பச்சை மரம் வெட்டுவது நின்றது. டிப்போ மைதானத்தில் புல் முளைத்தது. காவலராகப் போனவன் வனவராகத் திரும்பி அதே மலைக்கு வந்தேன். வந்த முதல் வாரம் பழைய கூப்புக்குள் நடந்தேன். நான் முத்திரை போட்ட கட்டைகள் பலதும் துளிர்த்து, ஒரு கட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழுந்து, ஒவ்வொன்றும் என்னைவிட உயரமாக, தொடை பருமனில் நின்றன. நடுவில் கட்டை உளுத்துக் கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது. அதில் மழைத் தண்ணீர் நின்றது. ஒரு குருவி குளித்துவிட்டுப் போயிற்று. அன்று நான் இருந்த சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

இதை எங்கள் ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் பெயர் தேன்மொழி. என்னைவிடப் பல வருஷம் சின்னவர். என்னை ஃபாரஸ்டர்ண்ணா என்று கூப்பிடுவார். அவரிடம் ஒரு பழக்கம். யாராவது பேச வந்தால், கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். அதைச் சொல்லிக்காட்ட மாட்டார். ஆனால் எதிரே நிற்பவருக்கு, இவருக்கு அவசரம் இல்லை என்று தெரிந்துவிடும். காட்டில் நடக்கும்போது எப்போதும் வரிசையில் கடைசி ஆளாக வருவார். முன்னால் போகிற நாங்கள் திரும்பிப் பார்த்து அவர் தெரிகிற அளவுக்குத்தான் வேகமாகப் போக வேண்டும்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அவரும் வந்து அந்தக் கட்டைகளைப் பார்த்தார். இந்தத் தடத்தில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டினால் என்ன என்று அங்கேயே கேட்டார். மரம் வெட்டிய இடம், இழுத்த தடம், ஏற்றிய மேடை, இப்போது திரும்ப வளர்ந்திருக்கும் காடு. மலை ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாக இருக்கட்டும், நடை முடிகிற இடத்தில் ஊர்ப் பெண்கள் சாமைச் சோறு போடட்டும் என்றார். மேலிடத்தில் அனுமதி வாங்கவே நாளாயிற்று. ஊரில் அனுமதி வாங்குவது அதைவிடச் சிரமமாக இருந்தது.

காடு என்று எதைச் சொன்னாலும் நிலத்தைப் பிடுங்கத்தான் வருகிறார்கள் என்ற பயம் அங்கே உண்டு. அது காரணமில்லாத பயமும் இல்லை. ரேஞ்சர் கோயில் முன்னால் உட்கார்ந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கும் பதில் சொன்னார். எல்லைக் கல் நட மாட்டோம், வேலி போட மாட்டோம், நீங்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவோம் என்றார். ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள். கலையும் நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்தார். அவர்தான் சடையனின் மனைவி வெள்ளையம்மா. இடுப்பில் பார்த்த குழந்தை பொன்னுசாமி வளர்ந்து, கல்யாணமாகி, வழிகாட்டியாக வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு அவர் பின்னால் நின்றிருந்தான்.

"கூட்டிக்கினு போங்க, நான் வேணான்னு சொல்லலீங்க. அந்த மேட்டுல மட்டும் எதையும் சொல்ல வேணாம். வர்றவங்க எல்லாம், எம்புருசன் குடிச்சிட்டு செத்தாருன்னு கேட்டுக்கினு போவணுமா?" என்றார்.

"சொல்ல மாட்டோம்மா" என்றார் ரேஞ்சர்.

அப்படியே நடந்தது. நடைக்கு வருகிறவர்களை டிப்போ மைதானத்தில் நிற்கவைத்து முதலில் செருப்பைப் பார்ப்போம். வழுக்குகிற செருப்பு என்றால் ரப்பர் ஷூ கொடுப்போம். தண்ணீர் இருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறவர்கள் யார், தேனீ கொட்டினால் யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேட்போம். வாசனைத் திரவியம் போட்டிருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வோம். மேலே மலைத்தேனீ இருக்கிறது. பொன்னுசாமி முன்னால் போவான். நான் நடுவில் நடந்தபடி கதை சொல்வேன். ரேஞ்சர் வந்தால் கடைசியில் அவர். முத்திரை போட்ட கட்டையருகே நின்று சுத்தியலைக் காட்டுவோம். ரம்பம் இழுத்த முறையை இரண்டு பேரை நிற்கவைத்துச் செய்துகாட்டுவோம். கடுக்காய் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். மரம் உருண்ட மேடு வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். பொன்னுசாமி அங்கே மட்டும் நடையைக் கொஞ்சம் எட்டிப்போடுவான். மேட்டைத் தாண்டி இறங்கியதும் மறுபடி பேச ஆரம்பிப்பேன். வந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்களில் நைனார்பாளையத்திலிருந்து ஒரு டீச்சரும் அவருடைய அப்பாவும் இருந்தார்கள். அப்பா பெயர் கோவிந்தசாமி. நல்ல உயரம், முழங்கால் வலி, கையில் குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு வந்தார். டீச்சர் முன்னால் போகிறவர்களோடு போய்விட்டார். பெரியவர் வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் சுத்தியலைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவர் ரோடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடுக்காய் மரத்தடியில் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

மேடு வந்தது. நான் வழக்கம்போலப் பேச்சை நிறுத்தினேன். கூட்டம் நடந்து தாண்டிவிட்டது. ரேஞ்சர் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் பெரியவர் ரோட்டின் நடுவில் அசையாமல் நிற்கிறார். கால் வலியோ என்று ஓடினேன்.

"எல்லா எடத்துலயும் நின்னு நின்னு சொன்னீங்க. இங்க மட்டும் ஏன் சார் பேசாம போறீங்க?" என்று கேட்டார்.

இங்கே ஒருவர் இறந்துபோனார், அவர் வீட்டார் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள் என்றேன். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று விடாமல் கேட்டார். நான் ரேஞ்சரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். குடித்திருந்தார் என்று பேச்சு, அதுதான் அவர்களுக்குக் கஷ்டம் என்றேன்.

பெரியவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவரு குடிக்கலீங்க. அன்னிக்கு லாரிய ஓட்னது நான்தான்."

ரேஞ்சர் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டார். ரோட்டோரக் கல்லில் பெரியவரை உட்காரச் சொல்லி, தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார். கூட்டத்தை ஊருக்குக் கூட்டிப் போகும்படி பொன்னுசாமிக்குச் சைகை காட்டச் சொன்னார். காட்டினேன். அவன் போய்விட்டான். அவன் யார் என்று பெரியவருக்குத் தெரியாது.

கோவிந்தசாமி சொன்னது இது. வண்டியின் பிரேக் சரியில்லை என்று கான்ட்ராக்டரிடம் முன்பே சொல்லியிருந்தார். இந்த லோடு மட்டும் இறக்கிவிடு என்று அனுப்பினார்கள். அன்று கிளீனர் வரவில்லை. மேடு நெருங்கியதும், வண்டியின் பின்பக்கம் நின்று வந்த சடையன் தானாகவே கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வண்டிக்குப் பின்னால் நடந்தார். மற்ற இரண்டு பேரும் மழைக்காக டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தார்ப்பாயைக் கதவில் போட்டு மூடிக்கொண்டார்கள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்றது. பிரேக்கை மிதித்தும் வண்டி சேற்றில் பின்னால் நழுவியது. வலப்பக்கக் கண்ணாடியில் சடையன் ஓடி வருவது தெரிந்தது. கட்டையைப் போட்டார், சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. இழுத்து மறுபடி போட்டார். சக்கரம் முட்டி நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டியபோதுதான் அந்தக் குலுக்கலில் சங்கிலி அறுந்தது. ஏற்றத்தில் நின்ற வண்டியிலிருந்து மரங்கள் பின்பக்கமாக வழுக்கின. அதற்கு மேல் கண்ணாடியில் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ரேஞ்சர் அவசரப்படாமல் கேட்டார். அந்தக் கட்டை என்ன ஆயிற்று? பின்னாலேயே ஜீப்பில் வந்த மேஸ்திரி, மற்றவர்கள் உதவிக்கு ஊரை நோக்கி ஓடியிருந்த நேரத்தில், அதை எடுத்துப் பள்ளத்தில் வீசிவிட்டு எல்லாச் சக்கரத்துக்கும் கல் அடைத்தார். கட்டையைப் பார்த்தால் பிரேக்கைப் பற்றிக் கேள்வி வரும் என்றாராம். நீங்கள் ஏன் போய்விட்டீர்கள்? ஊர்க்காரர்கள் வந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று மேஸ்திரிதான் அவரை ஒற்றையடிப் பாதையில் இறக்கிவிட்டார். வெளிமாநிலத்தில் லாரி ஓட்டப் போனவர், மகள் பிறந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார். சடையன் குடித்திருந்தார் என்று சொல்லி வழக்கை முடித்தது உங்களுக்குத் தெரியுமா?

"இப்ப இவரு சொல்லித்தான் தெரியும்" என்று என்னைக் காட்டினார். "வண்டி நெலை தவறிடுச்சு, அதுல போயிட்டாருன்னு எழுதியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இந்த மேட்ட பொண்ணு போன்ல காட்டிச்சு. ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடலாம்னுதான் வந்தேன். சொல்லணும்னு வரலீங்க."

நான் தண்ணீர் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக் குடித்தார்.

இனி என்ன செய்வது என்பதுதான் பெரிய சிக்கல். கூட்டத்தோடு கூட்டமாக அவரை ஊருக்குள் அழைத்துப்போய்ச் சோற்றுக்கு உட்காரவைக்க முடியாது. பேசாமல் வண்டி ஏற்றி அனுப்பவும் முடியாது. ஊருக்குத் தெரிந்தால் அவரை என்ன செய்வார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. நடையே அதோடு நின்றுபோகலாம். ரேஞ்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முடிவு நம்மளோடது இல்ல, ஃபாரஸ்டர்ண்ணா. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. அவங்க பாக்கறேன்னா பாக்கட்டும்" என்றார்.

நான் ஊருக்கு நடந்தேன். சமைக்கும் கொட்டகையில் வெள்ளையம்மா சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறார், என்ன சொன்னார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு கரண்டியைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பொன்னுசாமியைக் கூப்பிட்டார். அவனிடம், "வா, உங்கப்பன் செத்த எடத்துக்குப் போயாரலாம்" என்று மட்டும் சொன்னார். போகும் வழியில் அவனுக்கு நான் விஷயத்தைச் சொன்னேன்.

சடையன் இறந்த பிறகு வெள்ளையம்மா அந்த மேட்டுக்கு வந்ததே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சந்தைக்குப் போவதென்றால்கூட ஓடையைச் சுற்றிக்கொண்டு போவாராம்.

அவர்கள் வருவதைப் பார்த்ததும் கோவிந்தசாமி எழுந்து நின்றார். கும்பிட்டார். ரேஞ்சரிடம் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார். இந்த முறை எழுந்து நடந்து காட்டினார்: வண்டி இங்கே, சக்கரம் இங்கே, அவர் இந்தப் பக்கம். வெள்ளையம்மா அந்த இடத்தில் போய் நின்று குனிந்து பார்த்தார். தார் போட்ட ரோட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அப்ப எதனா பேசினாரா?" என்று கேட்டார்.

"கத்தினாரும்மா. கட்ட போட்டுட்டேன், பிரேக்க வுடாத, எறங்காதன்னு."

"இப்டியேதான் சொன்னாரா?"

"இப்டியேதான்."

"நாக்கு கொழறுச்சா?"

"இல்லம்மா. அவ்ளோ மழையிலயும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுது."

வெள்ளையம்மா அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். கட்ட போட்டுட்டேன். பிரேக்க வுடாத. எறங்காத.

பொன்னுசாமிதான் பொங்கிவிட்டான். வருகிற விருந்தாளிகள் யாரிடமும் நீங்க என்று தவிரப் பேசாதவன் அவன். "குடிகாரன் மவன்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. இத்தினி வருசம் நீ எங்க இருந்த?" என்று கேட்டான். பெரியவர் தலை குனிந்தபடி, தப்புதான் என்றார். அவன் ரோட்டைக் கடந்து தடத்துக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெள்ளையம்மா எழுந்தார். "எங்கிட்ட சொன்னது பத்தாது. குடிச்சாருன்னு பேசினது ஊரு. ஊர்ல வந்து சொல்லணும்" என்றார்.

மேஸ்திரி அன்று ஏற்றிவிட்ட பயம் கோவிந்தசாமிக்குள் இன்னும் இருந்தது. கட்டாயம் இல்லை என்று ரேஞ்சர் சொன்னார். பெரியவர் வளைவைப் பார்த்தார், பிறகு குடையை ஊன்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலியோடு அந்த இறக்கத்தை இறங்க நேரம் பிடித்தது. நாங்கள் எல்லாரும் அவர் வேகத்துக்கே நடந்தோம்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. நடைக்கு வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். மகள் டீச்சர் ஒன்றும் புரியாமல் அப்பா பக்கத்தில் போய் நின்றார். அவருக்கும் அன்றுதான் தெரியும். கோவிந்தசாமி சொன்னார். நடுவில் இரண்டு பேர் எழுந்து சத்தம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் கையைக் காட்டி உட்காரவைத்தார். முழுதும் சொல்லி முடித்த பிறகு, அன்று லாரியின் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு சுமை ஆட்களில் ஒருவரின் தம்பி எழுந்தார். அந்த இரண்டு பேரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

"வண்டி பின்னால போயிருந்தா பள்ளந்தான். எங்கண்ணன் அப்பறம் பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் போச்சு" என்றார். வெள்ளையம்மாவைப் பார்த்து, "உன் வூட்டுக்காரரு புண்ணியம்னு யாருக்கும் தெரியாம போச்சே தாயி" என்றார்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. கோவிந்தசாமிக்குச் சோறு போட்டார்கள். அவரால் அதிகம் சாப்பிட முடியவில்லை. கிளம்பும்போது பொன்னுசாமி அவரிடம் பேசவில்லை. ஆனால் டிப்போ வரை அவரை நடக்கவிடாமல், யாருடைய வண்டியையோ கேட்டு வாங்கி ஏற்றிப்போய் விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் நடைக்கு ஆட்கள் வந்தபோது, மேட்டில் என்ன செய்வது என்று வெள்ளையம்மாவிடம் ரேஞ்சர் கேட்டார். நானே வரேன் என்றார். புதுப் புடவை கட்டியிருந்தார். எங்களுக்கு முன்பே போய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பொன்னுசாமி நடையை எட்டிப்போடாமல் நின்றான். நான் கூட்டத்தை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். வெள்ளையம்மா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கணவர் கத்திய மூன்று சொல்லையும் சொன்னார். பிரேக் சரியில்லாத வண்டி என்பதையும் விடவில்லை. டிரைவரைத் திட்டவில்லை.

அதோடு முடிந்தது என்று எல்லாரும் எழப் போனார்கள். கூட்டத்தில் ஒரு பெண், "அவர் எப்படிப்பட்டவரும்மா?" என்று கேட்டார்.

வெள்ளையம்மா திகைத்துப்போனார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். சடையனைப் பற்றிப் பேச்செடுத்தால் குடியில் போய் முடியும் என்று அவரும் வீட்டில் வாயே திறந்ததில்லை. மெல்ல ஆரம்பித்தார். பூசணிக்காயைத் தொடமாட்டார். தவளை என்றால் பயம். மாட்டுத் தொழுவத்தில் ஒரு தவளை குதித்ததற்குக் கூரைக் கம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு பெரிய மரத்தை இழுத்துவருகிற ஆள். பாட்டு வராது, ஆனாலும் மாடு ஓட்டும்போது பாடுவார். பாட்டை நிறுத்தச் சொல்லி மாடுகளே வேகமாக நடக்கும். பிள்ளை பிறந்த அன்று யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு பலாமரத்துக் கன்றைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். தண்ணீர் ஊற்ற மட்டும் மறந்துவிடுவார்.

தவளை கதையில் பொன்னுசாமி சிரித்துவிட்டான். முன்னால் நிற்க வேண்டிய வழிகாட்டி, நடைக்கு வந்தவர்களோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து, அப்பறம் இன்னா பண்ணாரும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் யாரையும் எழுப்பவில்லை.

நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சாமைச் சோறு ஆறிப்போயிருந்தது. பொன்னுசாமி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.